சூடான டீயைத் தொட்டுப் பார்த்தவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு கதை சொல்வது வழக்கம். போன வாரம் மேரி செலஸ்ட் என்ற பாய்மரக் கப்பலின் கதையைச் சொன்னேன். நடுக்கடலில் ஆளே இல்லாமல் வந்த கப்பல், மேஜையில் பாதி சாப்பிட்ட காலை உணவு, ஆவி பறக்கும் டீ, படகுகள் எல்லாம் கட்டியபடி அப்படியே இருந்தது, ஆட்கள் மட்டும் மாயம். சின்ன வயதில் ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

சொல்லி முடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீ சூடா இருந்துச்சுன்னு யாரு டீச்சர் தொட்டுப் பாத்தாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் இப்படி ஒரு கப்பல் இருந்ததா? என்னதான் நடந்தது? 150 வருடம் ஆகியும் மர்மம் தீரவில்லை என்கிறார்களே, ஏன்? நீங்கள் கடல் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் மாணவியின் கேள்வியை நான் இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நானும் பத்து வயதில் அதே கதையைப் படித்தவன்தான். அந்த டீயை நம்பினேன். ராத்திரி படுத்த பிறகு அந்தக் கோப்பையிலிருந்து ஆவி எழுவதை நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. தொட்டுப் பார்த்தது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சரி, முதலில் அவளுக்கான பதில். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்க டீயே இல்லை.

அந்தக் கப்பலில் முதலில் ஏறியவர்கள் ஆலிவர் டெவோவும் ஜான் ரைட்டும். டெய் கிராட்டியா என்ற இன்னொரு பாய்மரக் கப்பலின் முதல் மேட்டும் இரண்டாம் மேட்டும் அவர்கள், அதாவது கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரிகள். அடுத்த சில வாரங்களில், ஸ்பெயினின் தெற்கு ஓரத்தில் பிரிட்டிஷார் வசமிருந்த ஜிப்ரால்டர் துறைமுகத்தின் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அந்தச் சாட்சியம் பதிவாகி இருக்கிறது. சமையலறையில் சமைத்த உணவு எதுவும் இல்லை, கேபின் மேஜையில் சாப்பிடுவதற்கான ஏற்பாடு எதுவும் இல்லை என்று டெவோ சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்குப் போதுமான உணவும் தண்ணீரும் கப்பலில் இருந்தன. எடுத்து யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன கதையில் இன்னொரு தவறும் இருக்கிறது. டீயைவிடப் பெரிய தவறு. படகுகள் அப்படியே இருந்தன என்று சொன்னீர்கள் இல்லையா? அந்தக் கப்பலில் இருந்தது ஒரே ஒரு சிறிய படகு. சரக்கறையின் பெரிய மூடிக்கு மேல் அதைக் கட்டி வைத்திருந்தார்கள். டெவோ ஏறிப் பார்த்தபோது அது இல்லை. கதையை ஊருக்கு ஊர் கொண்டுபோனவர்கள் இல்லாத டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். காணாமல் போன படகைத் திரும்ப எடுத்துவந்து பழைய இடத்திலேயே கட்டிவிட்டார்கள்.

இந்த இரண்டாவது மாற்றத்தால்தான் உண்மை தொலைந்தது. படகு போயிருக்கிறது என்றால் ஆட்கள் அதில் ஏறிப் போயிருக்கிறார்கள். மாயமாக மறையவில்லை. பேயும் கடல் பூதமும் அந்த இடத்திலேயே விலகிவிடுகின்றன. மிஞ்சுவது வேறு ஒரு கேள்வி. அனுபவமுள்ள ஒரு கேப்டன், தன் மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, மிதந்துகொண்டிருக்கிற ஒரு கப்பலை விட்டு ஒரு சின்னப் படகில் ஏன் இறங்கினார்? என்னைப் பல வருடங்களாகத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான்.

அந்தக் கேப்டனின் பெயர் பெஞ்சமின் பிரிக்ஸ். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர், வயது 37. கடலோடிக் குடும்பம், அப்பாவும் கப்பல் கேப்டன். மதுவைத் தொடாதவர், பைபிள் படிப்பவர். கப்பலில் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்கியிருந்தார், 24 பங்கில் 8 பங்கு. அதனால் இன்சூரன்ஸுக்காகக் கப்பலைக் கைவிட்டார் என்கிற பேச்சு எனக்கு ஒருபோதும் ஏறவில்லை. மனைவி சாரா, வயது 30. மகள் சோஃபியா, வயது இரண்டு. ஏழு வயது மகன் ஆர்தருக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். சாரா தன் தையல் மெஷினையும், நம் ஆர்மோனியம் போன்ற ஒரு சிறிய வாத்தியத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார். மாதக்கணக்கில் குடியிருக்கப் போகிற வீட்டுக்கு எடுத்துப் போவது மாதிரி. புறப்படும் முன் பிரிக்ஸ் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், கப்பல் நல்ல நிலையில் இருக்கிறது, பயணம் நன்றாக அமையும் என்று நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

கப்பலில் இவர்களைத் தவிர ஏழு பேர். முதல் மேட் ஆல்பர்ட் ரிச்சர்ட்சன், இரண்டாம் மேட், சமையலையும் பண்டகத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், வடகடல் தீவுகளிலிருந்து வந்த நான்கு ஜெர்மன் மாலுமிகள். நால்வரில் இருவர் அண்ணன் தம்பி. மொத்தம் பத்து உயிர்.

கப்பலும் சின்னதுதான். 103 அடி நீளம், இரண்டு பாய்மரம். 1861-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அமேசான் என்ற பெயரில் கடலில் இறக்கப்பட்டது. முதல் பயணத்திலேயே அதன் கேப்டன் நோய்ப்பட்டு இறந்துபோனார். 1867-இல் புயலில் கரை தட்டியது. விற்று, பழுதுபார்த்து, பெயரை மாற்றினார்கள். இதையெல்லாம் வைத்து ராசியில்லாத கப்பல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல் எதை எடுத்துப் பார்த்தாலும் இதற்குக் குறையாத வரலாறு இருக்கும்.

1872 நவம்பர் 7 அன்று நியூயார்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. சரக்கு 1,701 பீப்பாய் ஸ்பிரிட். குடிக்கிற சாராயம் இல்லை, தொழிலுக்குப் பயன்படும் மெத்திலேட்டட் ஸ்பிரிட் வகை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது. எட்டு நாள் கழித்து அதே பக்கத்திலிருந்து டெய் கிராட்டியா கிளம்பியது. டிசம்பர் 4 அன்று, அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே, அதன் கேப்டன் டேவிட் மோர்ஹவுஸ் தூரத்தில் ஒரு கப்பல் தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்த்தார். பாய்கள் வைத்திருந்த விதம் சரியில்லை. மேல்தளத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. டெவோவையும் ரைட்டையும் படகில் அனுப்பினார்.

அவர்கள் பார்த்தது இதுதான். சில பாய்கள் விரிந்திருந்தன, சில காற்றில் கிழிந்து போயிருந்தன, கயிறுகள் பக்கவாட்டில் தொங்கின. சுக்கான் கட்டப்படாமல் தன்பாட்டில் சுழன்றது. திசைகாட்டிப் பெட்டி இடம் பெயர்ந்து, கண்ணாடி உடைந்து கிடந்தது. சரக்கறையின் பெரிய மூடி மூடியபடி இருந்தது. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இருந்த சிறிய மூடிகள் திறந்து, பக்கத்திலேயே தளத்தில் கிடந்தன. அடியில் மூன்றரை அடித் தண்ணீர். அந்த அளவுக் கப்பலுக்கு அது பயப்பட வேண்டிய தண்ணீர் இல்லை. மாலுமிகளின் மழைக்கோட்டும் புகைக்குழாயும் அறைகளில் இருந்தன. புகைபிடிக்கிற மாலுமி குழாயை விட்டுவிட்டுப் போகிறான் என்றால், அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைத்திருக்கிறான், அல்லது நினைக்கவே நேரம் இருந்திருக்காது. ஆனால் கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடும் செக்ஸ்டன்ட் இல்லை. அதே கணக்குக்கு வேண்டிய துல்லியமான கடிகாரமான குரோனோமீட்டரும் இல்லை. கப்பலின் பத்திரங்கள் இல்லை. கேப்டன் அவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். கொலையும் கலகமும் நடந்த கப்பலில் யாரும் செக்ஸ்டன்டைத் தேடி எடுத்துப் போவதில்லை.

கடைசிக் குறிப்பு ஒரு பலகையில் எழுதியிருந்தது. நவம்பர் 25, காலை 8 மணி. அசோர்ஸைச் சேர்ந்த சான்டா மரியா தீவு ஆறு மைல் தூரத்தில். முந்தின நாளும் ராத்திரியும் கடும் காற்று. அந்தக் காலைக்குப் பிறகு ஒரு எழுத்துகூட இல்லை. கப்பல் கண்டுபிடிக்கப்பட்ட இடம் அங்கிருந்து சுமார் 400 கடல் மைல். ஒன்பது நாள் தன்னந்தனியாகப் போயிருக்கிறது.

டெவோவும் இன்னும் இரண்டு மாலுமிகளும் ஏறிக்கொண்டு அந்தக் கப்பலை 600 மைல் ஓட்டி ஜிப்ரால்டருக்குக் கொண்டுவந்தார்கள். டெய் கிராட்டியாவில் இருந்ததே மொத்தம் எட்டுப் பேர். மூன்று பேர் ஒரு கப்பலையும் ஐந்து பேர் இன்னொரு கப்பலையும் டிசம்பர் மாத அட்லாண்டிக்கில் ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று கடலில் போனவர்களுக்குத் தெரியும். கரையில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் ஃபிரெடெரிக் சாலி ஃபிளட். கொலை நடந்திருக்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டார். மாலுமிகள் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டுக் கேப்டன் குடும்பத்தைக் கொன்றார்கள் என்பது அவர் கட்சி. கப்பலைக் காப்பாற்றிக் கொண்டுவந்தவர்களையும் சந்தேகப்பட்டார். கேப்டனின் கட்டிலடியில் ஒரு பழைய வாள் கிடந்தது, அதில் கறை இருந்தது. ரத்தம் என்றார். பரிசோதித்த மருத்துவர் ரத்தம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையை ஃபிளட் வெகுகாலம் வெளியே விடவில்லை. கப்பலின் முன்முனையில் கோடாலியால் வெட்டிய தழும்பு இருக்கிறது என்றார்கள். அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் ஒருவர் வந்து பார்த்து, அலையில் அடிபட்ட பலகை சிலாம்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் மீட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு 1873 ஏப்ரலில் கொடுத்த தொகை 1,700 பவுண்டு. கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட வேலைக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிட மிகவும் குறைவு. சந்தேகத்தின் நிழல் அவர்கள் மேல் படிந்தது படிந்ததுதான்.

அப்புறம் வந்தது கதை. 1884 ஜனவரியில் லண்டனின் கார்ன்ஹில் பத்திரிகையில் பெயர் போடாமல் ஒரு சிறுகதை வெளியானது. எழுதியவர் ஆர்தர் கானன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸை அவர் இன்னும் எழுதத் தொடங்கியிருக்கவில்லை, வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். கப்பலின் பெயரைச் சற்று மாற்றி மரீ செலஸ்ட் என்று வைத்தார். கடல் அமைதியாக இருந்தது என்றும் படகுகள் அப்படியே இருந்தன என்றும் எழுதினார். உயிர் தப்பிய ஒருவரின் வாக்குமூலம் போல எழுதப்பட்டிருந்ததால் பலர் உண்மை என்றே நம்பினார்கள். இன்றுகூட உலகத்தில் பாதிப் பேர் அவர் மாற்றி வைத்த பெயரைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். டீயும் பாதிச் சாப்பாடும் அப்படி வந்தவைதான்.

நான் கதை எழுதுகிறவன். கற்பனைக்கு எதிரி இல்லை. ஆனால் அந்தக் கதை வந்தபோது ஆர்தர் பிரிக்ஸுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பாட்டி வீட்டில் விட்டுவரப்பட்ட அந்தப் பையன். அவனுடைய அப்பா, அம்மா, குட்டித் தங்கை. அதே குளிர்காலத்தில் அவனுடைய சித்தப்பா ஆலிவரும் வேறொரு கப்பலில் கடலில் போய்விட்டார். அந்தப் பாட்டி இரண்டு மகன்களை ஒரே பருவத்தில் இழந்தார். ஊர் ஊராக, பத்திரிகை பத்திரிகையாகத் தன் வீட்டுச் சாவைப் பற்றிய புதுப்புதுக் கதைகளைப் படிக்க நேர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையில் துணுக்காகப் படித்தபோது எனக்கு அவன் இருப்பதே தெரியாது.

சரி, என்ன நடந்திருக்கும்?

எங்கள் தெருவில் ஒரு ஆசாரி பட்டறை வைத்திருந்தார். கதவு, கட்டிலுக்கெல்லாம் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்து பாலிஷ் போடுவார். சித்திரை வெயிலில் ஸ்பிரிட் டின்னின் மூடியைத் திருகினால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், சோடா பாட்டில் திறக்கிற மாதிரி. உடனே பட்டறை முழுக்க அந்த நெடி, கண் எரியும். அந்த நேரத்தில் யாராவது பீடியோடு உள்ளே வந்தால் ஆசாரி உளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவார். ஒருநாள் காலி டின் ஒன்று வெயிலில் கிடந்தது. வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் விளையாட்டாக அதன் வாயில் தீக்குச்சியைப் போட்டான். 'பக்' என்று ஒரு நீலச் சுவாலை அவன் உயரத்துக்கு எழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடங்கிவிட்டது. பையன் பத்தடி தள்ளி விழுந்து கிடந்தான், பயத்தில். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த டின்னில் ஒட்டியிருந்த காகிதம். அது கருகக்கூட இல்லை.

மேரி செலஸ்டில் இருந்தது இதே சரக்கு, 1,701 பீப்பாய். நவம்பர்க் குளிரில் நியூயார்க்கில் ஏற்றியது. கப்பல் அசோர்ஸ் பக்கம் வந்தபோது வெயில் கூடியிருக்கிறது. புயல் என்பதால் மூடிகளை இறுக்கி மூடி வைத்திருந்திருப்பார்கள், காற்றோட்டம் இல்லை. பின்னால் ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் காலியாக இருந்தன. மற்றவை வெள்ளை ஓக் மரத்தில் செய்தவை, இந்த ஒன்பதும் சிவப்பு ஓக். சிவப்பு ஓக் மரத்துக்கு நுண்துளை அதிகம், ஸ்பிரிட் கசியும். ஒன்பது பீப்பாய் ஸ்பிரிட் ஆவியாகி அடைத்த சரக்கறையில் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் ஆசாரிக்குத் தெரியும்.

2006-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா இதைச் சோதித்துப் பார்த்தார். சரக்கறை மாதிரி ஒன்றைக் கட்டி, பீப்பாய்களுக்குப் பதிலாகக் காகிதப் பெட்டிகளை அடுக்கி, பியூட்டேன் வாயுவைப் பற்ற வைத்தார். பெரிய சுவாலை எழுந்து மூடிகளைத் தூக்கியடித்தது. காகிதப் பெட்டி ஒன்றுகூடக் கருகவில்லை. கப்பலில் தீயின் தடயம் இல்லையே என்று அதுவரை கேட்டவர்களுக்கு அது ஒரு பதில்.

எனக்கு முழுத் திருப்தி இல்லை. டெவோ ஏறியபோது பெரிய மூடி மூடியபடிதானே இருந்தது? உள்ளே அப்படி வெடித்திருந்தால் முதலில் பறந்திருக்க வேண்டியது அது. அதனால் வெடிக்கும் அளவுக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு உறுமல், கண்ணை எரிக்கும் நெடி, இது போதும். சிறிய மூடிகளைத் திறந்து காற்று போக விட்டுவிட்டு, அது அடங்கும்வரை எல்லாரும் படகில் தள்ளி நிற்கலாம் என்று கேப்டன் முடிவெடுத்திருக்கலாம். பிரிக்ஸ் குடும்பத்துக்கு உறவினரான டாக்டர் ஆலிவர் காப் ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்.

இன்னொரு சாத்தியம் எனக்குச் சமமாகவே படுகிறது. மேல்தளத்தில் ஒரு அளவுகோல் கிடந்தது, கையில் கிடைத்ததை வைத்துச் செய்தது. லாரி டிரைவர் டீசல் டேங்கில் குச்சியை விட்டு நனைந்த அளவைப் பார்ப்பாரே, அது மாதிரி கப்பலின் அடியில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பார்க்கிற குச்சி. இரண்டு பம்புகளில் ஒன்று பிரிக்கப்பட்டுக் கிடந்தது. இந்தப் பயணத்துக்கு முன்னால் கப்பல் நிலக்கரி ஏற்றியிருக்கிறது, பெரிய மராமத்தும் நடந்திருக்கிறது. கரித்தூளும் மரத்தூளும் போய் பம்பு அடைத்துக்கொண்டிருக்கலாம். நிறைந்த சரக்குக்கு அடியில் எட்டிப் பார்க்க முடியாது. பம்பு இறைக்கவில்லை, குச்சி தப்பான அளவைக் காட்டுகிறது, ராத்திரி முழுக்கப் புயல், மனைவியும் குழந்தையும் கேபினில். கண்ணெதிரே ஆறு மைலில் ஒரு தீவு. கப்பல் மூழ்குகிறது என்று அவர் நம்பியிருந்தால் அந்தத் தீவு தெரிகிறபோதே இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். இன்னும் ஒரு மணி நேரம் போனால் தீவு பின்னால் போய்விடும்.

கடற்கொள்ளை, நீர்ச்சுழல் தூண், கடலடி நிலநடுக்கம் என்று வேறு பல சொல்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் சரக்கையும் உடைமைகளையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். மற்றவற்றுக்குச் சாட்சியம் போதாது.

ஸ்பிரிட் நெடியோ பம்பு அடைப்போ, எதுவானாலும் கடைசியில் நான் வந்து நிற்பது ஒரு கயிற்றில்தான். பின்பாயைத் தூக்கி நிறுத்தும் நீளமான, தடித்த கயிறு ஒன்று அந்தக் கப்பலில் உண்டு. டெவோ பார்த்தபோது அது அறுந்து போயிருந்தது, மிச்சம் காணவில்லை. கயிற்றின் ஒரு முனையைக் கப்பலிலும் மறுமுனையைப் படகிலும் கட்டிக்கொண்டு, கப்பலுக்குப் பின்னால் தள்ளி மிதந்து காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நீங்கியதும் இழுத்துக்கொண்டு வந்து ஏறிவிடலாம். அந்தச் சமயத்தில் காற்று எழும்புகிறது. ஆளில்லாத கப்பலில் பாய் விரிந்தபடியே இருக்கிறது. சட்டென்று ஒரு இழுப்பு. கயிறு அறுகிறது.

பாய் விரித்த கப்பலைத் துடுப்புப் போட்டுத் துரத்திப் பிடிக்க முடியாது. பத்துப் பேர் ஏறிய சின்னப் படகில் சுத்தமாக முடியாது.

இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும். 2007 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடலில் காஸ் 2 என்ற பாய்ப்படகு ஆளில்லாமல் மிதந்ததைக் கண்டுபிடித்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது, போன மூன்று பேர் மட்டும் இல்லை. உடனே நவீன மேரி செலஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விசாரித்த மரண விசாரணை அதிகாரி 2008-இல் வந்த முடிவு இது: சிக்கிக்கொண்ட தூண்டில் நூலை விடுவிக்கப் போன ஒருவர் தவறி விழுந்திருக்கிறார், காப்பாற்றப் போய் இன்னொருவர், அப்புறம் மூன்றாமவர். படகு காற்றில் விலகிப் போய்விட்டது. சில நிமிட வேலை. மாயமோ சதியோ அதில் இல்லை. கடலில் சாவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

150 வருடம் ஆகியும் ஏன் தீரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். படகில் போனவர்களில் ஒருவர்கூடக் கரை சேரவில்லை, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. ஸ்பிரிட்டா, பம்பா என்று அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் படகில் இறங்கினார்கள், திரும்பி வரும் எண்ணத்தோடு இறங்கினார்கள், வர முடியவில்லை. இந்த மூன்றிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. மர்மம் என்கிற சொல்லைப் போட்டால் பத்திரிகை விற்கும். அந்தச் சொல்லுக்கு அடியில் கேப்டன் ஒருவர் எடுத்த ஒரு முடிவு கிடக்கிறது. அவர் கோழையில்லை, முட்டாளும் இல்லை. மடியில் குழந்தை இருக்கிற ஒரு ஆள். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

கப்பலுக்கு என்ன ஆனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பிறகு 12 வருடம் ஓடியது. 1885 ஜனவரியில் அதன் கடைசிக் கேப்டன், இன்சூரன்ஸ் பணத்துக்காக ஹெயிட்டி நாட்டுக் கடலில் ஒரு பாறைத்திட்டில் வேண்டுமென்றே கொண்டுபோய் மோதினார். மாட்டிக்கொண்டார். அது தனிக் கதை, இன்னொரு வெள்ளிக்கிழமைக்கு ஆகும்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் நீங்கள் சொல்வதாக ஒப்புக்கொண்ட பதிலுக்கு வருகிறேன். டீயை யாரும் தொடவில்லை என்று சொல்லுங்கள். அதோடு, டெவோ சாட்சிக் கூண்டில் சொன்ன வேறு ஒன்றையும் சொல்லுங்கள். கேப்டனின் படுக்கை மடிக்காமல் அப்படியே கிடந்தது, அதில் ஒரு குழந்தை படுத்திருந்த பள்ளம் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார். மேற்கூரைக் கண்ணாடி திறந்திருந்ததால் மழையும் கடல் தண்ணீரும் உள்ளே வந்து கேபின் நனைந்திருந்தது. ஜிப்ரால்டர் வருகிறவரை தங்கியாக வேண்டிய கப்பல் அது. படுக்கை படுக்கிற நிலையில் இல்லை. அதை எடுத்துக் காயப்போட வேண்டியிருந்தது.

அன்புடன்.